இரண்டாம் வரிசைக்கு மட்டும் கேட்ட குரல்

மௌன ஜெபத்தின்போது எங்கள் ஆலயத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். ஒலிபெருக்கிகளைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. என் மேசை பக்கவாட்டில், தூணை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முன்வரிசைக்காரர்களின் முகங்கள் தெரியும். யார் தூங்குகிறார்கள், யார் கைபேசியைத் தடவுகிறார்கள் என்பது ஆண்டவருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அந்த ஞாயிறு, போர் நிற்பதற்காக ஜெபிக்கச் சொன்னார் போதகர். எரிகிற கப்பல்களைச் செய்தியில் காட்டத் தொடங்கிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. எங்களுடையது துறைமுக ஊர். பாதி வீடுகளில் யாராவது ஒருவர் கடலில் இருப்பார். அதனால் அன்றைய மௌனம் வழக்கமான மௌனமாக இல்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காது கொடுப்பதுபோல இருந்தது.

அப்போது இரண்டாம் வரிசையில் மூன்று தலைகள் ஒரே நொடியில் நிமிர்ந்தன.

நடுவில் என் அக்கா. அவளுக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற தபால்காரர். இந்தப் பக்கம் தையல்கடை அம்மா. மூவரும் கண்ணைத் திறந்து, பேசுவது யார் என்று தேடினார்கள். அக்கா பீடத்தைப் பார்த்தாள். தபால்காரர் பின்பக்கம் திரும்பினார். தையல்கடை அம்மா கூரையைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. மூவரும் மெல்லத் தலையைத் தாழ்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில், யாரோ ஒரே நூலைப் பிடித்து இழுத்ததுபோல, மறுபடியும் சேர்ந்தே நிமிர்ந்தார்கள்.

அந்த மூவருக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். மூவருக்கும் காது கேட்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். விளக்காவிட்டால் பேய்க்கதை ஆகிவிடும்.

காதுக்குக் கருவி போட்டவர்களுக்குப் பெரிய கூடத்தில் பிரசங்கம் புரியாது. கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். மின்விசிறி, இருமல், நாற்காலி இழுபடுவது எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. கூடத்தின் தரையோரமாகச் சுற்றிலும் ஒரு கம்பியை ஓட்டி, மைக்கில் பேசுவதை மின்னோட்டமாக அதற்குள் அனுப்ப வேண்டும். கம்பிக்கு உள்ளே இருக்கும் இடம் முழுவதும் அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி கூடிக் குறைகிற ஒரு காந்தப் புலம் உண்டாகும். கருவிக்குள் அரிசிமணி அளவில் ஒரு சுருள் உண்டு. அது அந்தப் புலத்தை வாங்கித் திரும்பக் குரலாக்கிவிடும். கருவியின் முதுகில் இருக்கும் சின்னப் பொத்தானைக் கீழே தள்ளினால் சுருள் வேலை செய்யும். ஆனால் அதே நேரம் வெளியே இருக்கும் சத்தத்தை வாங்குகிற வழி அடைபட்டுப் போகும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. கம்பிக்குள் வருவது மட்டும், காதுக்குள்ளேயே ஒருவர் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். சுருளுக்குத் திசை தெரியாது. அதனால்தான் மூவரும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

அக்காவுக்காகத்தான் அந்தக் கம்பியை நான் ஓட்டினேன். பிரசங்க மேடை மைக்கிலிருந்து அதற்கென்றே தனி ஒயர் போட்டிருந்தேன். அந்த ஜெப நேரத்தில் அந்த மைக் அணைக்கப்பட்டிருந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் கம்பிக்குள் இருந்தது யார்?

ஆராதனை முடிந்ததும் தபால்காரர் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நடுவுல ஒரு ஆள் பேசினானே, யாருப்பா அது? நம்ம பாஸ்டர் இல்ல. பாஸ்டர்னா இவ்வளவு சீக்கிரம் முடிச்சிருக்க மாட்டாரு."

"என்ன பேசினாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கருவி போடறேன்? ஒரே மாதிரி மூணு தடவை என்னமோ சொல்றான். அப்புறம் கம்முனு ஆயிடறான். கதவைத் தட்டிட்டு வெளிய நிக்கிற மாதிரி. நாப்பது வருஷம் தட்டினவன், எனக்குத் தெரியாதா?"

தையல்கடை அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செத்துப்போன எங்க வீட்டுக்காரர்னு நினைச்சேன். ஆனா அவர் உயிரோட இருந்தப்பவே என்னை இவ்வளவு பொறுமையாக் கூப்பிட்டதில்ல."

அக்கா மட்டும் இடத்தை விட்டு எழவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். அவள் என் வாயைப் பார்க்காமல், எதிரே வெறுமையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நட்டுடா. அவன் குரல்தான்."

நட்டு அவளுடைய ஒரே மகன். சின்ன வயதில் வீட்டில் எதைக் கண்டாலும் திருகிக் கழற்றிவிடுவான் என்பதால் நான் வைத்த பெயர். இப்போது ஒரு சரக்குக் கப்பலில் இன்ஜினியர். போர் நடக்கிற அந்தக் குறுகலான கடல்வழிக்குள் அவன் கப்பல் நுழைந்ததிலிருந்து ஒரு சேதியும் இல்லை. சாதாரணமாக ஒரு கப்பல், தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போகும். அது கணினி வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். போர்க்கடலில் அப்படிச் சொல்வது குண்டுக்கு முகவரி கொடுப்பதுபோல. அதனால் அணைத்துவிடுவார்கள், புள்ளி மறைந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், ஒளிந்துகொண்ட கப்பலின் புள்ளியும் மூழ்கிய கப்பலின் புள்ளியும் ஒரே மாதிரிதான் மறையும். கம்பெனிக்குப் போன் செய்தால், தொடர்பில் இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வாரத்தின் நடுவில் நட்டுவின் மனைவி என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. அத்தைக்கு நான் பேசறது கேக்கவே மாட்டேங்குது."

போனேன். சமையலறையில் ஒரு கெண்டி அடி கருகிக் கிடந்தது. வீடு முழுக்கப் புகை வாசனை.

"நான் வேலைல இருந்து வர்றேன், புகைக்கு அடிக்கிற மணி தெருவுக்கே கேக்குது" என்றாள் அவள். "தண்ணி வத்தி, கெண்டி சிவந்து போச்சு. அத்தை அந்த மணிக்குக் கீழயே உக்காந்திருக்காங்க மாமா. சுவத்துல காதை வச்சுக்கிட்டு, சிரிச்ச முகமா." அவள் என் பக்கம் திரும்பினாள். "அவர் போன் பண்ணி, அம்மாகிட்ட குடுன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

அக்கா வீட்டிலும் பொத்தானைக் கீழேயே தள்ளி வைத்திருந்தாள். வீட்டில் கம்பிச் சுற்று இல்லை. ஆனால் சுவருக்குள் மின்சாரம் ஓடுகிறதே, அது சுருளில் ஓர் உறுமலாகக் கேட்கும். குளிர்பெட்டிக்கு ஓர் உறுமல், மீட்டர் பெட்டிக்கு வேறோர் உறுமல். அக்கா கூடத்துச் சுவரை ஒட்டி, கையால் தடவிக்கொண்டே, மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். ஓரிடத்தில் நின்றாள். தலையைச் சாய்த்தாள். மறுபடி நடந்தாள்.

நான் எதிரே போய் நின்று, உதடு புரியும்படி சொன்னேன். "பொத்தானை மேல தள்ளுக்கா."

"தள்ளினா அவன் கூப்பிடறது கேக்காதே."

"இங்க எப்படிக்கா கேக்கும்?"

"ம்ம்ம்னு ஒரு சத்தம் இருக்கு. அதுக்குப் பின்னால இருக்கான்."

"அது கரண்ட்டுக்கா."

"உனக்கு எல்லாமே கரண்ட்தான்" என்றாள். கோபமில்லை. என் மேல் ஏதோ இரக்கம் போலத் தெரிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் தினமும் ஆலயத்துக்குப் போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் அறிந்தேன். கம்பிக்கான ஆம்ப்ளிஃபையரை நாங்கள் அணைப்பதில்லை. அணைத்து அணைத்துப் போட்டால்தான் சீக்கிரம் கெடும். போதகர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பிரதர், பேசாம அந்த ஒயரைப் பிடுங்கி விட்டுடலாமா?" பிடுங்கலாம். ஆனால் அக்காவைப் பொறுத்தவரை அது மகனின் வாயைப் பொத்துவதாகும். அப்புறம் அந்தச் சுவரை விட்டு அவளை யாராலும் பிரிக்க முடியாது. பிடுங்குவதற்கு முன்னால் அது என்ன குரல் என்று தெரிய வேண்டும்.

மறுநாள் மதியம் போனேன். ஆலயத்தில் அக்காவைத் தவிர யாரும் இல்லை. அவளுக்கு நான் வந்ததே தெரியவில்லை. என்னிடம் கம்பிச் சுற்றைச் சோதிக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. அக்காவின் கருவியில் இருப்பது போன்ற சுருள்தான், காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். வாசலில் நின்று மாட்டினேன். ஒன்றும் இல்லை. கம்பி ஓடும் கோட்டைத் தாண்டி ஓர் அடி உள்ளே வைத்தேன்.

குரல் இருந்தது.

ஆண் குரல். மணலில் தேய்த்தெடுத்ததுபோல ஒரு கரகரப்பு. கொஞ்சமும் அவசரம் இல்லை. ஒரு பெயரை மூன்று முறை சொன்னது. பிறகு வேறொரு பெயரை ஒரு முறை சொன்னது. கேட்கிறதா, பதில் சொல்லவும் என்றது. பிறகு மௌனம். என்னை உலுக்கியது அந்த மௌனம்தான். பேச்சு தீர்ந்து போன மௌனம் வேறு. இது ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிற மௌனம். பின்னால் ஓர் அடி வைத்தேன், கத்தியால் வெட்டியதுபோல நின்றது. முன்னால் ஓர் அடி வைத்தேன், அங்கேயே காத்துக்கொண்டிருந்தது. மறுபடி மூன்று முறை அந்தப் பெயர்.

மேடை மைக்கைக் கழற்றிப் பார்த்தேன். குரல் போகவில்லை. ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஒயரைக் கழற்றினேன். போய்விட்டது. ஆக, மைக் இல்லாத வெறும் ஒயர்தான் பேசுகிறது. மேடைப் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்து, ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். பாதி வழியில் ஓர் இணைப்பு. பித்தளையும் செம்புமாகப் பச்சை பூத்திருந்தது. கடலோரத்தில் உப்புக்காற்று எதையும் விடாது.

நீளமான ஒயர் எதுவாக இருந்தாலும் வானொலி அலைகளைப் பிடிக்கும். உங்கள் வீட்டுத் துணிக்கொடிகூடப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. பழைய வகை ஒலிபரப்பில், பேச்சுக்கு ஏற்றபடி அலையின் பலம் கூடிக் குறையும். மின்சாரத்தை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்கிற ஏதாவது ஒன்று வழியில் இருந்தால், அலையிலிருந்து பேச்சு தனியே பிரிந்து விழுந்துவிடும். பச்சை பூத்த செம்பு அந்த வேலையைச் செய்யும். அதாவது அந்த இணைப்பு, யாரும் செய்யாமல் தானாக உண்டான ஒரு வானொலிப் பெட்டி. குன்றின் மேல் துறைமுகத்தின் வானொலி நிலையம் இருக்கிறது. போரில் செயற்கைக்கோள் தொடர்புகளைக் குழப்பிவிடுவதால், அங்கே பழைய ஒலிபரப்பியைத் தூசி தட்டி எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

குன்றிலிருந்து ஒருவர் ஒரு கப்பலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது நட்டுவின் கப்பல் அல்ல. பெயரைப் பலமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்தக் கரகரப்பில் அக்காவுக்குக் குரலின் ஏற்ற இறக்கம் கேட்குமே தவிர எழுத்துகள் கேட்காது. ஏங்குகிற மனசு அந்த ஏற்ற இறக்கத்துக்கு மகனின் முகத்தை ஒட்டிவிட்டது.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் காதுக்குள் போக ஒரே வழிதான் இருந்தது. மைக்கையும் ஒயரையும் திரும்ப மாட்டினேன். ஒலிபெருக்கிகளை அணைத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமலேயே பிரசங்க மேடையில் ஏறி மைக்கைத் திறந்தேன்.

"அக்கா. நான்தான்."

அவள் தூக்கிவாரிப் போட்டதுபோல நிமிர்ந்தாள். கூரையைப் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், கடைசியில் மேடையில் என்னைக் கண்டுபிடித்தாள்.

"நீ எப்படிடா உள்ள வந்த?"

"மைக்ல பேசறேன்."

"உன்னைப் பிரசங்க மேடைல பாக்கத்தான் ஆண்டவர் என்னை இவ்வளவு நாள் வச்சிருந்தாரா?" என்றாள். உடனே கையை உயர்த்தினாள். "இரு. அவன் பேசறான்."

இருவரும் அந்தக் குரல் முடியும்வரை காத்திருந்தோம். வாசலில் போதகர் வந்து நின்றார். அவருக்குக் கேட்டிருக்கக்கூடியதெல்லாம் என் முணுமுணுப்பும், காலியான ஆலயத்தில் அக்காவின் உரத்த குரலும்தான்.

"அது நட்டு இல்லக்கா. குன்று மேல வானொலி நிலையத்துல ஒருத்தர், கப்பலைக் கூப்பிடறார்."

"நம்ம கப்பலையா?"

"வேற கப்பல்."

"பேரைச் சரியாக் கேட்டியா?"

"கேட்டேன்கா. பல தடவை."

அவள் முன்னிருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்த்தபோது, சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ என்று தோன்றியது.

"அப்ப அவன் கூப்பிடல."

"இல்லக்கா."

குரல் மறுபடி வந்தது. மூன்று முறை. மௌனம். அக்கா அந்த மௌனம் முழுவதையும் கேட்டாள்.

"அந்தக் கப்பல் பதில் சொல்லலையா?"

"தெரியாதுக்கா. சொன்னாலும் நமக்குக் கேக்காது."

"ஏன் கேக்காது?"

இப்படிக் கேட்டால் நான் எந்த நிலையிலும் விளக்கத் தொடங்கிவிடுவேன். "குன்று பக்கத்துல இருக்கு, அதான் அவர் குரல் இதுல விழுது. கப்பல் எங்கயோ இருக்கு. அதோட சத்தம் இங்க வர்றதுக்குள்ள நூல் மாதிரி ஆயிடும். மேல பெரிய ஏரியல் இருக்கு, அதுல கேக்கும். நம்மகிட்ட இருக்கிறது துருப்பிடிச்ச ஒரு ஒயர். இதுல கூப்பிடறது மட்டும்தான் விழும். பதில் விழாது."

"பதில் வந்தாலும் விழாது."

"விழாது."

போதகர் அருகில் வந்து, குனிந்து, ஆறுதலாக ஏதோ சொன்னார். அக்கா அவரைப் பார்த்தாள். "பாஸ்டர், வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. நல்லதாத்தான் சொல்லியிருப்பீங்க." பிறகு என்னிடம் திரும்பினாள். "சிலுவையில அவரும் அப்பாவைக் கூப்பிட்டாரு இல்லடா? கீழ நின்ன யாருக்கும் பதில் கேக்கல. அவங்க அம்மாவுக்கும் கேக்கல."

மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் என்னடான்னா, எனக்குக் கேக்கலையே, கேக்கலையேன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டு அலையறேன்" என்றாள். பிறகு, "அந்தக் கப்பல் பேர் என்ன?"

சொன்னேன். எழுத்தெழுத்தாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னாள்.

"அதுலயும் ஒரு இன்ஜினியர் இருப்பான்."

"இருப்பான்கா."

அக்கா முழங்காலிட்டாள். குரல் மூன்று முறை கூப்பிட்டு நின்றது. அந்த இடைவெளியில் அக்கா அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லி ஜெபித்தாள். காது கேளாதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. கூரை அதிர்ந்தது. அவள் முடித்ததும் கம்பிக்குள் குரல் தொடர்ந்தது. அது நின்றதும் அக்கா. பிறகு அது. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு முறை போட்டுக் கூப்பிடுவதுபோல இருந்தது. ஹெட்போன் இல்லாத போதகருக்கு அக்கா பாதி நேரம் எதற்காக நிறுத்துகிறாள் என்று புரிந்திருக்காது. ஆனாலும் அவரும் முழங்காலிட்டார். என் கையெல்லாம் மயிர் சிலிர்த்திருந்தது. பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள் கலவரம் இல்லை.

கண்ணைத் திறந்தபோதுதான், அது மூடியிருந்ததே எனக்குத் தெரிந்தது.

அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பொத்தானை மேலே தள்ளினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "என்ன இவ்வளவு இரைச்சல்?"

"கடல்மா" என்றார் போதகர்.

"ஓ." அவள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டாள். "டேய், அந்த ஒயரைச் சரி பண்ணிடு."

"நிஜமாவாக்கா?"

"தபால்காரருக்குப் பிரசங்கம் கேக்கணும். இல்லன்னா அந்த மனுஷன் இதையே சாக்கா வச்சுக்குவாரு." கைப்பையை எடுத்துக்கொண்டாள். "வீட்டுல அந்தப் பொண்ணு தனியா இருக்கா. அவளும்தானே காத்துக்கிட்டு இருக்கா. அவ பேசறது எனக்குக் கேக்கணும்."

அவள் போன பிறகு இணைப்பை வெட்டி, செம்பு சிவக்கும்வரை சுரண்டி, புதிதாகப் பற்றவைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றேன். ஒன்றும் இல்லை. நான் அடைத்தேனா, அல்லது குன்றின் மேல் இருந்தவருக்குப் பதில் கிடைத்து அவரே நிறுத்திவிட்டாரா என்று அந்த ஒயரை வைத்துச் சொல்ல முடியாது. துறைமுகத்தில் விசாரித்திருக்கலாம். ஏனோ போகவில்லை.

ஞாயிறு வந்தது. நட்டுவிடமிருந்து சேதி இல்லை. செய்தியில் வேறொரு கப்பல் எரிந்தது. அக்காவும் மருமகளும் வழியெல்லாம் எதற்கோ வாக்குவாதம் செய்துகொண்டே சேர்ந்து வந்தார்கள். புதுக் கெண்டியைப் பற்றி என்று நினைக்கிறேன்.

மௌன ஜெபத்தில் இரண்டாம் வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரரின் தலை தாழ்ந்தே இருந்தது. தையல்கடை அம்மாவின் தலையும். நடுவில் அக்காவின் தலையும் தாழ்ந்திருந்தது. ஆனால் உதடுகள் அசைந்தன. ஒரே சொல், மூன்று முறை. பிறகு நின்று, காத்திருந்தன. மறுபடி மூன்று முறை.

கம்பிக்குள் யாரும் இல்லை, நான் சோதித்திருந்தேன். ஆனாலும் அந்த இடைவெளி எனக்குப் பழக்கமானது. அவள் மறுபடி தொடங்கும் நொடியை, பார்க்காமலேயே, என்னால் சொல்ல முடிந்தது.